அரை நிமிஷ அப்பா

அவளை எல்லோரும் எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மருத்துவமனையின் இருட்டறையில் இருபத்தேழு வருஷம் எக்ஸ்ரே படம் கழுவியவள். நெஞ்சு, முழங்கால், காசை விழுங்கிய குழந்தையின் வயிறு என்று ஊரில் பாதிப்பேரின் உள்பக்கம் அவளுக்கு அத்துப்படி. வெளிப்பக்கம்தான் சட்டென்று அடையாளம் தெரியாது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். கம்ப்யூட்டர் எக்ஸ்ரே வந்ததும் இருட்டறைக்குப் பூட்டுப் போட்டார்கள். கூட வேலை பார்த்தவர்கள் ஓய்வுப் பணத்தில் வீட்டுக்கு மாடி எடுத்தார்கள். இவளோ மருத்துவமனை தூக்கி எறியவிருந்த, படம் கழுவும் மருந்துக் கேன்கள் ஆறைக் கேட்டு வாங்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

எல்லாம் ஒரு பால்பவுடர் டப்பாவுக்காக. அதற்குள் கழுவாத ஒரு ஃபிலிம் சுருள் இருந்தது. அதில் அவளுடைய அப்பா இருந்தார்.

அப்பா துறைமுகத்தில் குமாஸ்தா. வெளிநாட்டிலிருந்து வந்த நண்பர் ஒருவர் கையடக்கமான சினிமாக் கேமரா ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். மொத்தம் மூன்று நிமிஷம் ஓடும் ஃபிலிம். அதில் அவர் கப்பல் கப்பலாக எடுத்துத் தள்ளியதுபோக அரை நிமிஷம் மிச்சமிருந்தது. குடும்பத்தை எடுத்துக்கொள் என்று ஒருநாள் இரவல் தந்தார். அப்பா கேமராவை அம்மா கையில் கொடுத்து, முதலில் என்னை எடு, பாதியில் நிறுத்து, மீதியில் உன்னையும் பாப்பாவையும் நான் எடுக்கிறேன் என்றாராம். அம்மா பொத்தானை அழுத்தியவள் அழுத்தியவள்தான், ஃபிலிம் தீரும்வரை விடவில்லை. கேமரா திரும்பிப் போயிற்று, சுருள் மட்டும் இவர்களிடம் தங்கியது. இரண்டு வாரத்தில் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் போய்ச் சேர்ந்துவிட்டார். அக்காவுக்கு அப்போது ஒன்றரை வயது. அப்பாவின் முகம் அவளுக்குக் கல்யாண ஃபோட்டோவில் பார்த்த முகம்தான். அது இமைக்காது, திரும்பாது.

அந்த நாளில் இந்தச் சுருளைக் கழுவ வேண்டுமென்றால் வெளிநாட்டுக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். செலவு அப்பாவின் அரை மாதச் சம்பளம். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் துணி துவைத்து மகளை வளர்த்த அம்மாவிடம் அதைப்பற்றிப் பேசவே முடியாது. அக்கா முதல் சம்பளம் வாங்கிய அன்று ஆசையாகக் கேட்டாள். "அந்தக் காசுக்கு ஒரு ஃபேன் வாங்கலாம்டி" என்றாள் அம்மா. ஃபேன் வந்தது. பிறகு கேட்டபோது பீரோ வந்தது. அதற்குப் பிறகு அந்த வகை ஃபிலிமைக் கழுவும் கம்பெனிகளே ஒவ்வொன்றாகக் கடையை மூட, மிஞ்சிய ஒன்றிரண்டு பேரும் வாய்க்கு வந்த விலை சொன்னார்கள். வீட்டில் சாமான்கள் சேர்ந்தன, சுருள் அப்படியே கிடந்தது.

அக்காவுக்கு இது பெரிய வயிற்றெரிச்சல். ஒரு நாளைக்கு நூறு எலும்பைக் கழுவுகிறேன், பெற்ற அப்பனைக் கழுவ முடியவில்லையே என்று புலம்புவாள். ஃபிலிமில் வண்ணம் வராவிட்டால் போகிறது, கறுப்பு வெள்ளையிலாவது எக்ஸ்ரே மருந்துக்கு அது மசியும் என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு கணக்கு இருந்தது. ஆனால் பரிசோதனைக்கு அப்பாவையா போடமுடியும்? பழைய சாமான் கடைகளில் மற்றவர்கள் எடுத்துக் கழுவாமல் போட்ட சுருள்களாகத் தேடித் தேடி வாங்கினாள்.

முதல் சுருளை அவளே கொன்றாள். இருபத்தேழு வருஷப் பழக்கம், இருட்டறையாக்கிய வீட்டுக் குளியலறையின் கதவைச் சாத்தியதும் கை தானாகப் போய், மருத்துவமனையிலிருந்து கூடவே வந்த சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டது. எக்ஸ்ரே படத்துக்குச் சிவப்பு வெளிச்சம் ஒன்றும் செய்யாது. சினிமா ஃபிலிமுக்கோ அது பட்டப்பகல். யாருடைய கல்யாணமோ, யாருடைய குழந்தையோ, முழுசும் கன்னங்கரேல் என்று வந்தது. அன்று அவள் சாப்பிடவில்லை. மறுநாள் அந்த விளக்கைக் கழற்றிப் பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

அடுத்த தொல்லை, ஃபிலிமின் நீளம். ஐம்பது அடியை வாளியில் போட்டுக் கசக்கினால் ஒன்றோடொன்று ஒட்டிக் கீறிவிடும். அதற்கென்று விற்கும் தொட்டி விலையைக் கேட்டால் தலை சுற்றும். இங்கேதான் அவள் வீட்டுக்காரர் உள்ளே நுழைகிறார். தையல் மெஷின் ரிப்பேர் செய்பவர். நாலு வார்த்தையில் முடிகிற விஷயத்தை நாற்பது வார்த்தையில் சொல்வார், நாற்பது நாளாகும் வேலையை நாலு நாளில் முடிப்பார். பிளாஸ்டிக் பைப்புகளை வெட்டி ஓர் உருளைக்கூடு செய்து, அதைக் கூரைத் தண்ணீர் வடியும் அரைவட்டப் பிளாஸ்டிக் குழாய்த் துண்டுக்குள் உட்கார வைத்தார். கூட்டின்மேல் ஃபிலிமைச் சுற்றிக் கையால் உருட்டினால் ஒரு லிட்டர் மருந்தில் முழுச் சுருளும் நனைந்தது.

கழுவிய படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதும் அவர் கைவேலைதான். "துணியை ஒரு தையல் அளவு தள்ளணும், நிறுத்தணும், திரும்பத் தள்ளணும். என் மெஷின் வேற என்ன செய்யுதுங்கற?" என்று கேட்டார். பழைய தையல் மெஷின் ஒன்றில் ஊசியைக் கழற்றிவிட்டுக் கேமரா ஒன்றைத் தலைகீழாகப் பொருத்தினார். மெஷின் ஒரு கட்டம் நகர்த்தும், கேமரா ஒரு படம் எடுக்கும். வீடு முழுக்கத் தையல் சத்தம். யாருக்கோ சட்டை தைக்கிறார்கள் என்றுதான் தெருவில் நினைத்தார்கள்.

செய்தி மெல்லப் பரவியது. அலமாரி மூலைகளில் கிடந்த சுருள்களோடு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒரு ஜோடி நல்ல செருப்பு வாங்குகிற காசு, அவ்வளவுதான் அவள் கேட்டது. அதற்கும் கை வராதவர்களிடம், வரும்போது இரண்டு பாட்டில் காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்கிவாருங்கள் என்பாள். "இப்படிப் போனா நாம செருப்பு வாங்க முடியாது" என்பார் வீட்டுக்காரர். சொல்லிக்கொண்டே அடுத்த சுருளை மெஷினில் மாட்டுவார்.

ஒருநாள் ஓய்வுபெற்ற விளையாட்டு வாத்தியார் ஒருவர் தன் மனைவி இருந்த சுருளைப் பார்த்துவிட்டுத் தாடையைச் சொறிந்தார். "தப்பா நினைக்காதீங்கம்மா. என் சம்சாரம் இந்த வேகத்துல நடந்திருந்தா நான் அவளை ஓட்டப்பந்தயத்துல விட்டிருப்பேன்."

அக்காவுக்கு முகம் சிவந்தது. கேமராவுக்குக் கேமரா ஓட்டம் மாறும், கம்ப்யூட்டரில் எந்த வேகத்தில் விடுவது என்று ஃபிலிமைப் பார்த்துச் சொல்ல முடியாது. தெரிந்தவர்கள்தான் சொல்லவேண்டும். அன்றுமுதல் யார் சுருள் கொண்டுவந்தாலும் பெயர், விலாசத்துக்குக் கீழே ஒரு கேள்வி கேட்டு எழுதிக்கொள்வாள்: இவர் எப்படி நடப்பார்? ஆட்கள் பேந்தப் பேந்த விழிப்பார்கள். பிறகு சிரிப்பார்கள். பிறகு அழுவார்கள். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு எழுந்து நடந்தும் காட்டுவார்கள்.

நாற்பத்துச் சொச்சம் சுருள் பழகியபின், இனிக் கை தவறாது என்ற தைரியம் வந்த ஒரு வெள்ளிக்கிழமை, அக்கா பீரோவைத் திறந்தாள். பால்பவுடர் டப்பாவைக் காணோம். அரிசிப் பானைக்குள் இல்லை, பரண்மேல் இல்லை. கடைசியில் அம்மாவின் கட்டிலுக்கடியில், பழைய போர்வைக்குள் போர்வையாகச் சுற்றிவைத்திருந்ததைக் கண்டுபிடித்தாள்.

அம்மாவுக்கு வயது எண்பத்தொன்று. காது சரியாகக் கேட்கும், கேட்க வேண்டாம் என்று நினைப்பது மட்டும் கேட்காது.

"ஏம்மா ஒளிச்சு வச்சே? இப்பத்தான் காசே ஆகாதே!"

"அதான்டி" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள். பிறகு அம்மா சுவரைப் பார்த்தபடி சொன்னாள். "நான் படம் எடுக்கிறப்போ உங்கப்பா என்னைப் பார்த்து என்னமோ கத்தினார். கையை ஆட்டினார். தெருவுல தண்ணி லாரி போச்சு, ஒண்ணும் காதுல விழலை. முடிஞ்சப்புறம் என்ன கத்தினீங்கன்னு கேட்டேன். 'படம் கழுவி வரட்டும், உன் லட்சணம் தெரியும்'னு சிரிச்சார். எத்தனை தடவை கேட்டும் சொல்லவே இல்லை. அப்புறம் அவரே போயிட்டார். கேமரா முன்னாடி ஒரு மூடி இருக்கும்டி. அதை எடுத்தேனான்னு இன்னிவரைக்கும் எனக்கு ஞாபகமில்லை."

"அதனாலதான் ஃபேன் வாங்கினியா?"

"உள்ளே ஒண்ணுமே இல்லைன்னா என்ன பண்ணுவே? கழுவாத வரைக்கும் உனக்கு ஒரு அப்பா இருப்பார்ல. என் முட்டாள்தனத்தால அதுவும் இல்லைன்னு உன்கிட்ட எந்த மூஞ்சியை வச்சுச் சொல்றது?"

அக்காவுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ஐம்பத்தாறு வருஷம்! கேட்கும்போதெல்லாம் காசு காசு என்று அடித்த வாயை என்ன செய்வது? ஆனால் அம்மா கைகளைப் பார்த்தாள். சலவைக் காரத்தில் ரேகை தேய்ந்த கைகள். கோபம் அப்படியே வடிந்துவிட்டது. டப்பாவை அம்மா மடியில் வைத்தாள். "நீயா குடுத்தா கழுவறேன். இல்லைன்னா இங்கேயே இருக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை காலை டப்பா சமையல் மேடையில் இருந்தது. காபித் தூள் தீர்ந்துவிட்டது என்று மட்டும் அம்மா சொன்னாள்.

மத்தியானம் இரண்டு மணிக்கு அக்கா குளியலறைக்குள் போனாள். கதவிடுக்கில் துண்டைத் திணித்தாள், ஜன்னலுக்குப் போர்வை போட்டாள். வெளியே வீட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்த்து ஒவ்வொரு நிமிஷமாகக் குரல் கொடுத்தார். அம்மா நாற்காலியைக் கதவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். ஃபிலிமின் முதுகிலிருந்த கறுப்புப் பூச்சு சலவைச் சோடா கலந்த தண்ணீரில் கரைந்து விரல்களில் வழுக்கியது. மருந்து, தண்ணீர், மறுபடி மருந்து.

விளக்கைப் போட்டாள். முதல் நாற்பது அடியும் கப்பல்கள். எல்லாம் மங்கல், சாம்பலாய் ஒரு மூட்டம். கடைசி அடிகளுக்கு வந்தாள். பாதியளவு இடத்தில் ஒரு திட்டு, மீதியில் தீக்குச்சித் தலையளவுக்கு ஓர் ஆள்.

"மூடி போடலைம்மா!" என்று உள்ளிருந்தே கத்தினாள். வெளியே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "அத்தை, அழாதீங்க, அழாதீங்க" என்று வீட்டுக்காரர் சொல்வதும் கேட்டது. அவர் குரலும் நன்றாக இல்லை.

காய்ந்ததும் மெஷின் ஓடியது. சாயங்காலம் மூவரும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார்கள். அக்கா முதலிலேயே சமாதானம் சொல்லி வைத்தாள். "இடது பக்கம் ஒரு கறுப்புத் திட்டு வரும்மா. எங்கேயோ ஃபிலிம் கெட்டிருக்கு. நான் பாதுகாத்திருந்தா இப்படி ஆயிருக்காது."

படம் ஓடியது. மெலிந்த ஒரு மனிதர் முழுக்கைச் சட்டையும் வாரிய தலையுமாகத் தெருவில் விடுவிடென்று கேமராவை நோக்கி வந்தார்.

"யாருடி இது, கடன்காரனைத் துரத்துற மாதிரி?" என்றாள் அம்மா.

"நீதாம்மா சொல்லணும். எப்படி நடப்பார்?"

அம்மா எழுந்தாள். இரண்டு மாதமாக முழங்கால் வலி, சுவரைப் பிடிக்காமல் நடக்காதவள். சுவரைப் பிடிக்கவில்லை. வலது தோளைக் கொஞ்சம் இறக்கி, ஒவ்வோர் அடியும் வைக்கலாமா என்று யோசித்து வைப்பதுபோல, அறையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை நடந்தாள். அக்கா வேகத்தைக் குறைத்தாள். இன்னும் குறைத்தாள். திரையில் அந்த மனிதர் தோளை இறக்கினார், யோசித்து யோசித்து அடி வைத்தார்.

"ஆங்" என்றாள் அம்மா. "எப்பவும் லேட். எங்கே போனாலும் நான் முன்னாடி போய் நின்னு திட்டணும்."

அக்கா திரையையே பார்த்தாள். ஐம்பத்தெட்டு வயதில் முதல்முறையாக அப்பா நடப்பதைப் பார்க்கிறாள். அப்பா கிட்டத்தில் வந்து நின்றார். கையைத் தூக்கி ஆட்டினார். கட்டை விரலைத் தனியே நீட்டிக் காட்டினார். வாய் விரியச் சொன்னதையே மறுபடி சொன்னார், சிரிப்பை அடக்கமுடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். படம் முடிந்தது.

"திரும்பப் போடு" என்றாள் அம்மா. மூன்றாம் முறை போட்டபோது திரைக்கு மூக்கு முட்டக் குனிந்து அந்த வாயைப் பார்த்தாள். பிறகு வலது கையை முகத்துக்கெதிரே கொண்டுபோய், கேமரா பிடிப்பதுபோல் பிடித்தாள். பிடித்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"விரல்" என்றாள். "'விரலை எடு, விரலை எடு'ங்கறார்டி."

அக்காவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. இருபத்தேழு வருஷம் படம் பார்த்தவள், கெட்டுப்போன ஃபிலிம் என்று முடிவுகட்டிய அந்தத் திட்டை மறுபடி பார்த்தாள். ஓரம் வளைந்திருந்தது. அப்பா சிரித்தபோது அதுவும் லேசாக அசைந்தது.

அம்மா சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தாள். "இதுக்கா இத்தனை வருஷம்! கேட்டப்பவே சொல்லியிருக்கக் கூடாதா அந்த மனுஷன்?" என்று திரையைத் திட்டினாள். பிறகு புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அசிங்கமா இருக்குடி. கம்ப்யூட்டர்ல அதை வெட்டி எடுத்துட்டு அவரை மட்டும் வை" என்றாள்.

"மாட்டேன்."

"ஏன்?"

"நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கிற சினிமா எங்கிட்ட இது ஒண்ணுதாம்மா இருக்கு."

திரையில் மறுபடி அப்பா தெருமுனையிலிருந்து தாமதமாகக் கிளம்பினார். இடது பக்கத்தில் பாதிப் படத்தை அடைத்துக்கொண்டு அம்மா காத்திருந்தாள்.

"தெரிஞ்சிருந்தா" என்றாள் அம்மா கடைசியில், "கையையாவது கழுவிட்டு வந்து நின்னிருப்பேனே."