மூலையில் இருந்த பெண்கள் சிஸ்டம்

உத்தமபாளையத்தில் கோர்ட்டுக்குப் போகும் சாலையில் ஹக்கீம் நடத்திய பிரவுசிங் சென்டருக்கு ஊரில் நல்ல பெயர். மற்ற கடைகளைப்போல ஆளுயரத் தடுப்போ திரைச்சீலையோ அங்கே கிடையாது. யார் எதைப் பார்த்தாலும் கடைக்கே தெரியும் என்பதால் விடலைகள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. பெண்களுக்கென்று மூலையில் தனியாக ஒரு சிஸ்டம். அதன் முதுகு கடைக்கு, முகம் சுவருக்கு. காலேஜ் பையன்கள் வாசல்வரை காத்துக் கிடந்தாலும் அது சும்மாதான் இருக்கும்.

“அது பொம்பளைக சிஸ்டம் தம்பி. கை வைக்கப்படாது.”

இந்த ஒரு ஏற்பாட்டுக்காகவே கம்பத்திலிருந்துகூடப் பெண் பிள்ளைகளை நம்பி அனுப்பினார்கள். சவுதியிலும் குவைத்திலும் கணவன்மார் இருந்த பெண்கள் அந்த மூலையில் உட்கார்ந்துதான் பேசினார்கள். மதியம் ஹக்கீம் சாப்பிடப் போகும் நேரத்தில் அவர் மனைவி ஆசியா வந்து கடையைப் பார்த்துக்கொள்வாள். கடை அடைக்கும்போது எல்லா சிஸ்டத்திலும் ‘ஹிஸ்டரி’ அழித்துவிடுவார் ஹக்கீம். “யாரு என்ன பாத்தாகன்னு படைச்சவனுக்கு மட்டும்தான் தெரியும்” என்று பெருமையாகச் சொல்வார்.

அவருக்கு ஒரு பலவீனம் உண்டு. ஏன் என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், விளக்காமல் விடமாட்டார். தேனி பஸ் ஸ்டாண்டில் மாதாமாதம் வாங்கும் கம்ப்யூட்டர் பத்திரிகையை அட்டை முதல் அட்டை வரை படிப்பவர். பில் கட்ட வந்தவரையும் நிறுத்திவைத்து, மோடத்தில் எந்த விளக்கு எதற்கு மினுக்குகிறது என்று பாடம் நடத்துவார்.

2009-ஆம் வருஷம், நோன்புக்கு முந்தைய மாதத்தில் ஒரு நாள் பாஜிலா வந்தாள். ரியாத்தில் இருக்கும் கணவன் ஆன்லைனில் வருவதற்காகக் காத்திருந்தவள், பொழுதுபோகாமல் ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்தாள். ஓரத்தில் ஒரு பெண்ணின் கை வந்தது. பாதி மாநிறம், பாதி பால்வெள்ளை. வெண்புள்ளிக்குச் சிகிச்சை என்று ஆங்கிலத்தில் விளம்பரம். சமையல் பக்கத்துக்குப் போனாள். அங்கேயும் அதே கை.

“ஏண்ணே, லோக்கல் கேபிள்ல ஜவுளிக்கடை விளம்பரம் ஓட்டுற மாதிரி இதையும் நீங்கதான் போடுறீகளா? எங்கன போனாலும் இந்தக் கை கூடவே வருது.”

ஹக்கீம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். போன மாதம்தான் இதைப் பற்றிப் படித்திருந்தார்.

“நான் எங்க தாயி போடுறேன்? அது ஆளைப் பாத்துப் போடுறது. விளம்பரக் கம்பெனிக்காரன் இதுக்குள்ள ஒரு அடையாளத்தை விட்டுட்டுப் போயிருவான். நீ எதைத் தேடுறியோ அதைக் குறிச்சு வச்சுக்கிட்டு, போற பக்கமெல்லாம் அதையே காட்டுவான்.”

“நான் இதைத் தேடலையே.”

“நீ தேடலைன்னா உனக்கு முந்தி உக்காந்தவுக தேடியிருப்பாக” என்று சிரித்தார்.

பாஜிலா சிரிக்கவில்லை. “எனக்கு முந்தி மிஸ்பாதான இருந்தா? வாசல்ல பாத்துச் சலாம் சொல்லிட்டுத்தான வந்தேன்.”

“ஆமா, இப்பத்தான் எந்திரிச்சுப் போச்சு.”

அந்த ‘ஆமா’வை ஹக்கீம் பிறகு பல நாள் நினைத்துப் பார்த்திருக்கிறார். மிஸ்பா, திராட்சை வியாபாரி சேக் பரீதின் மகள். பாஜிலாவின் தம்பி நௌஷாதுக்குப் பேசி முடித்திருந்த பெண். மோதிரம் போட நாள்கூடக் குறித்தாகிவிட்டது. இதெல்லாம் ஹக்கீமுக்குத் தெரியாததல்ல. விளக்கும் சந்தோஷத்தில் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த வாரம் சேக் பரீத் கடைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. பக்கத்தில் வந்து குனிந்து பேசினார்.

“ஹக்கீமு, என் பிள்ளைக்கு மேல்ல வெள்ளை விழுந்திருக்குன்னு நீ சொன்னியா?”

“அப்படிச் சொல்லலை மாமு.”

“வேற எப்படிச் சொன்ன?”

ஹக்கீம் பாஜிலாவிடம் சொன்னதைத் திரும்பச் சொன்னார். அன்றைக்கு அவ்வளவு அழகாக வந்த விளக்கம் இன்றைக்கு வாயில் கல்லாகக் கடிபட்டது.

“அவ தபால் படிப்புக்கு ஹால் டிக்கெட் எடுக்க வந்தா. நீதான பிரிண்டு போட்டுக் குடுத்த?”

ஆமாம். அவரேதான் எடுத்துக் கொடுத்திருந்தார்.

“வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு மாப்பிள்ளை வீட்டுப் பொம்பளைக வாராக. பிள்ளையை உள்ள கூட்டிட்டுப் போய்ப் பாக்கணுமாம். மாடு வாங்குறவன் பல்லைப் புடிச்சுப் பாப்பான்ல, அப்படி. சம்மதிச்சா மோதிரம். இல்லாட்டி பேச்சு முறிஞ்சதுன்னு வச்சுக்கிறணுமாம்.” சேக் பரீத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். “நான் முடியாதுன்னுட்டேன். அவ சரிங்கிறா. பாத்துட்டுப் போகட்டும் அத்தாங்கிறா. அதுதான் எனக்குத் தாங்கலை.”

அவர் போனதும் ஹக்கீம் மூலை சிஸ்டத்தில் உட்கார்ந்து செய்திப் பக்கத்தைத் திறந்தார். கை வந்தது. தினமும் அழித்தும் எப்படி வருகிறது என்று அழிக்கும் பெட்டியைத் திறந்து பார்த்தார். வரிசையாக வரிகள். ‘ஹிஸ்டரி’க்கு நேரே டிக். ‘குக்கீ’க்கு நேரே இல்லை. வாங்கிய நாளிலிருந்து அப்படியேதான் இருந்திருக்கிறது. அடையாளம் என்று அவர் விளக்கியது இதைத்தான். பத்திரிகையில் படித்ததைத் தன் சிஸ்டத்தில் ஒரு நாளும் பார்த்ததில்லை. அப்படியானால் அந்தக் கை முந்திய ஆளோடு போகிற சமாசாரம் இல்லை. இந்த மாதத்தில் இங்கே உட்கார்ந்த எந்தப் பெண்ணும் தேடியிருக்கலாம். ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று எல்லாப் பெண்களையும் ஒரே சிஸ்டத்தில் உட்காரவைத்தார். ஒருத்தி தேடியதை இன்னொருத்திக்குக் காட்டிக்கொடுத்தது அதுதான்.

அன்று மதியம் ஆசியா வரும்வரை காத்திராமல் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனார். ஆசியா சோறு போட்டாள். நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டு, வழி நெடுக யோசித்து வைத்திருந்ததையும் சொன்னார்.

“தேவாரம் ஊர்ல இருந்து வந்த ஒரு பொம்பளைதான் அதைத் தேடுச்சுன்னு சொல்லிரலாம்னு இருக்கேன். யாரு போய்த் தேடப் போறாக?”

“தேவாரத்துக்காரி என்ன பாவம் செஞ்சா?” என்றாள் ஆசியா.

பிறகு கரண்டியை வைத்துவிட்டு, ஜாக்கெட்டின் வலது கையை முழங்கைக்கு மேல் சுருட்டினாள். முழங்கை மடிப்பிலிருந்து கீழே, சுண்ணாம்புத் தண்ணீர் வழிந்ததுபோல வெள்ளை.

கொஞ்ச காலமாக அவள் முழுக்கை ஜாக்கெட்தான் போடுகிறாள். மார்க்கப் பேணுதல் வந்துவிட்டது என்று நினைத்திருந்தார் ஹக்கீம். பள்ளிவாசல் படியில் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லவும் செய்திருந்தார்.

“நான்தான் தேடுனேன், நீங்க இங்கன சாப்பிட வந்த நேரத்துல. அழிச்சிட்டுத்தான் எந்திரிச்சேன். நீங்க காட்டிக் குடுத்த மாதிரியே அழிச்சேன்.”

“என்ட்ட ஏன் சொல்லலை?”

“சொன்னா விளக்குவீக. எனக்கு விளக்கம் வேண்டாம்னு இருந்துச்சு.”

ஹக்கீம் தட்டைத் தள்ளிவைத்தார். ஆசியா எழுந்து புர்காவை எடுத்தாள். எங்கே என்று அவர் கேட்கவில்லை. தெரிந்துவிட்டது. “இரு, யோசிப்போம்” என்றார். சொன்ன கையோடு தான் எதை யோசிக்கச் சொல்கிறோம் என்பதும் அவருக்கு விளங்கிவிட்டது. அந்த நேரத்தில் மிஸ்பா அவர் நினைப்பில் இல்லை. நாளைக்குத் தன்னைப் பற்றி ஊர் என்ன பேசும் என்பதுதான் இருந்தது.

“வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் யோசிச்சு என்ன செய்ய?” என்று சொல்லிவிட்டு அவள் தெருவில் இறங்கினாள். ஹக்கீம் பின்னாலேயே போனார்.

பாஜிலா வீட்டில் பெண்கள் மட்டும் இருந்தார்கள். அவர் வாசலோடு நின்றுகொண்டார். ஆசியா சொல்வது கேட்டது. நீட்டி முழக்காமல் சொன்னாள். பிறகு வளையல் சத்தம் கேட்டது. ஜாக்கெட்டைச் சுருட்டுகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. வாசலில் கிடந்த அவள் செருப்பைப் பார்த்தபடி நின்றார்.

பாஜிலாவின் அம்மா குரல் வந்தது. “ஏ ஆத்தா, இது ஒட்டுமா?”

“ஒட்டுறதா இருந்தா எங்க வீட்டுக்காரருக்கு முதல்ல வந்திருக்குமே.”

உள்ளே யாரோ சிரித்தார்கள். ஹக்கீமுக்கு முகம் எரிந்தது. தினமும் தனக்குச் சோறு போட்ட கை அது. அவர் பார்க்கவில்லை. ஊர் முழுக்க எதையெதையோ பார்த்து விளக்கிக்கொண்டிருந்தார்.

பாஜிலா வாசல்வரை வந்தாள். அவரைப் பார்க்காமல் ஆசியாவிடம் மட்டும் பேசினாள். “வெள்ளிக்கிழமை யாரும் போக மாட்டாக அக்கா. நான் அவுக அத்தாட்ட நேர்ல போய்ச் சொல்லிக்கிறேன்.”

மோதிரம் போட்டார்கள். நோன்புக்குப் பிறகு நிக்காஹ். ஆசியாவின் கையைப் பற்றி ஊரில் பேச்சு வரத்தான் செய்தது. முதலில் அவளிடம் விசாரித்தார்கள். அப்புறம் அவள் இல்லாதபோது விசாரித்தார்கள். மதுரையில் ஒரு தோல் டாக்டரிடம் ஹக்கீம் அவளைக் கூட்டிப் போனார். பஸ்ஸில் போகவும் வரவும் அவர் எதையும் விளக்கவில்லை.

குக்கீக்கு நேரே டிக் போட்டு, விளம்பரக்காரன் அடையாளம் விடாதபடியும் மாற்றிவைக்க ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. ஒவ்வொரு சிஸ்டமாக மாற்றிக்கொண்டு வந்தபோது, இத்தனை வருஷம் இது கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது என்பது அவரைக் குத்திக்கொண்டே இருந்தது.

நிக்காஹ் முடிந்த பிறகு ஒரு நாள் மிஸ்பா கடைக்கு வந்தாள். பரீட்சை ரிசல்ட் பார்க்க வேண்டுமாம். மூலைக்குப் போனவள் உட்காராமல் நின்றாள்.

“இதுல இப்ப நான் பாக்குறது யாருக்குத் தெரியும்ணே?”

ஹக்கீமுக்குச் சொல்ல நிறைய இருந்தது. எதை மாற்றினார், எப்படி மாற்றினார் என்று எல்லாம் வாய்வரை வந்தது.

“எனக்குத் தெரிஞ்சதை அடைச்சிட்டேன் தாயி. அதுக்கு மேல எனக்கே தெரியாது.”

அவள் நாற்காலியை இழுத்தாள். “அப்ப நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க.”

ஹக்கீம் எழுந்து வெளியே போனார். மதிய வெயிலில் கடைக்கு முதுகைக் காட்டி நின்றார். எதிர்க்கடைக்காரர் என்ன ஏது என்று சைகையில் கேட்டார். அவள் முடித்து வெளியே வரும்வரை ஹக்கீம் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.