பயத்தை முழுதாக எடுக்காத குளிசை

அடுத்த வளவில் ஷெல் விழுந்த பிறகு எனக்குக் கை நடுங்கத் தொடங்கியது. கரும்பலகையில் நான் வரையும் வட்டங்கள் மூடவில்லை. கணிதம் படிப்பிக்கிறவளுக்கு அது பெரிய வெட்கம். வட்டுக்கோட்டையில் எங்களைப் பார்க்கும் வைத்தியர், காலையும் பின்னேரமும் போடச் சொல்லி ஒரு குளிசை எழுதித் தந்தார். கொஞ்ச நாளில் நடுக்கம் நின்றது. கணவர் கொழும்பில் வேலையாக இருந்தார், சண்டையால் பாதை பூட்டியிருந்தது. வீட்டில் நானும் உயர்தரம் படித்துக்கொண்டிருந்த மகளும்தான்.

ஒரு பின்னேரம், குளிசையைப் போட்டுவிட்டுக் கொடியிலிருந்து உடுப்புகளை எடுத்துக்கொண்டிருந்தேன். பொம்மர் வரும் சத்தம் தெளிவாகவே கேட்டது. அது சுற்றுகிறது, அடுத்ததாகத் தாழப் பதிந்து குண்டு போடும் என்பதும் தெரிந்தது. ஆனால் அது வேறு யாருக்கோ நடக்கப்போகிற காரியம்போல் இருந்தது. ஒரு சட்டையை மடித்து மற்றதன் மேல் வைத்தேன். பதுங்குகுழிக்குள் இறங்கிவிட்ட மகள் திரும்ப வெளியே ஓடிவந்து என்னை இழுத்துக்கொண்டு போனாள். குண்டு தூரத்தில்தான் விழுந்தது.

“உங்களுக்குக் காது கேக்கேல்லையோ?”

“கேட்டது.”

“பிறகேன் வரேல்லை?”

அவள் உடுப்பிலிருந்த மண்ணைத் தட்டியபடி சொன்னாள்: “அடுத்தமுறையும் நீங்கள் உப்பிடி நிண்டால், நான் வெளியிலை வருவன். அதையும் யோசிச்சுக்கொள்ளுங்கோ.”

அதன் பிறகு பொம்மர் வந்தபோதெல்லாம் அவள் குழி வாசலிலேயே நின்றாள். நான் வந்த பிறகுதான் இறங்குவாள்.

மருத்துவ பீடத்தில் மருந்தியல் படிப்பிக்கும் என் தம்பி ஞாயிற்றுக்கிழமை வந்தான். அன்றிலிருந்து குளிசையை விடப்போவதாகச் சொன்னேன். பதறிப்போனான். திடீரென்று நிறுத்தினால் வலிப்புக்கூட வரலாம் என்றான். ஏன் என்று கேட்டேன். அப்போது எனக்குப் பயத்தைவிட அறியும் ஆசைதான் கூடுதலாக இருந்தது.

மூளையில் காபா என்ற ஒரு பொருள் உண்டு, நரம்புக் கலங்களை அடக்குவது அதன் வேலை என்று அவன் விளங்கப்படுத்தினான். கலத்தின் மேற்பரப்பில் அதற்கென்று வாங்கிகள் இருக்கின்றன. காபா அங்கே வந்து அமர்ந்ததும் ஒரு சிறு வழி திறக்கும், குளோரைட்டு அயன்கள் உள்ளே போகும், கலம் அடங்கும். நான் போடும் குளிசை தானாக அந்த வழியைத் திறப்பதில்லை. அதே வாங்கியில் வேறோர் இடத்தில் அமர்ந்து, காபாவின் கைக்குப் பலம் கொடுக்கிறது. அப்படியே பழகிப்போன மூளைக்கு அந்தப் பலம் ஒரேயடியாக இல்லாமற் போவதுதான் ஆபத்து.

“அப்ப கொஞ்சமாய் மட்டும் பலம் குடுக்கிற ஒண்டு இல்லையோ?”

தம்பி, அப்படியும் இருக்கிறது என்றான். பிந்தி வந்து சேர்ந்த ஒரு சஞ்சிகையில் வாசித்தானாம். பகுதியாக மட்டும் வேலை செய்யும் சேர்வைகளாம் அவை. வாங்கிகளில் அந்த இடங்கள் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டாலும் முழுப் பலம் கொடுக்கமாட்டா. கடதாசியில் இரண்டு வரைபு கீறினான். ஒன்று ஏறிக்கொண்டே போனது. மற்றது பாதி உயரத்தில் படுத்துவிட்டது. எவ்வளவு கூடப் போட்டாலும் அதற்கு மேல் ஏறாது.

வரைபு விளங்கியது, காரணம் விளங்கவில்லை. எல்லா இடமும் நிரம்பிய பிறகு எப்படிப் பாதி?

அவன் முற்றத்தில் நின்ற தன் மோட்டார் சைக்கிளைக் காட்டினான். தட்டுப்பாட்டில் எல்லோரையும்போல அவனும் சில துளி பெற்றோல் விட்டு உதைத்துக் கிளப்பி, மண்ணெண்ணெயில்தான் ஓடினான்.

“உதின்ரை தாங்கி நிறைய மண்ணெண்ணெய் அக்கா. முழுக்க முறுக்கினாலும் பெற்றோலின்ரை இழுவை வருமோ?”

“சரி, ரெண்டு குளிசையையும் சேத்துப் போட்டால்?”

“பெற்றோலுக்கை மண்ணெண்ணெயை விட்டால் இழுவை கூடுமோ குறையுமோ?”

குறையும். பலம் குறைந்தது போய் இடத்தைப் பிடித்தால், பலம் கூடியதற்கு இடமில்லை. அந்த விடை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. குசினிக்குள்ளிருந்து மகள், அம்மாவுக்கு அந்தக் குளிசையை எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டாள்.

“தலையிடிக் குளிசைக்கே கப்பல் பாத்துக்கொண்டிருக்கிறம், இவவுக்கு உது வேணுமாம்,” என்றான் தம்பி. பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, வெளிநாட்டிலும் அது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது என்றான். நித்திரையாக்காமல் பயத்தை மட்டும் தணிக்கும் என்று நம்புகிறார்களாம். நம்பிக்கை மட்டும்தான்.

வைத்தியரோடு கதைத்து, குளிசையை மெல்லக் குறைத்தோம். பிளேட்டால் வெட்டி, முதலில் பின்னேரத்ததை. பிறகு காலையிலும் துண்டு துண்டாக. சின்னச் சத்தமும் காதில் குத்தியது. வட்டங்கள் மறுபடி கோணின. மாணவிகள் பார்க்காததுபோல் இருந்தார்கள். உடம்பு தகிக்கும்போதெல்லாம், எத்தனை வழிகள் இப்போது மூடிக்கிடக்கும் என்று யோசிப்பேன். அந்த யோசனை கொஞ்சம் உதவியது.

குளிசை நின்ற பிறகு ஒரு காலை, அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டதுதான் தெரியும். சுளகு எங்கே விழுந்ததென்று தெரியாது. மகளை முந்திக்கொண்டு குழிக்குள் இருந்தேன். அவள் பின்னால் இறங்கி வந்து என் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

“நல்லாய் நடுங்குறியள்,” என்றாள்.

அதன் பிறகு அவள் எனக்காக வாசலில் நிற்கவில்லை. சத்தம் கேட்டதும் ஓடிவந்து குழியின் உள்மூலைக்குப் போய், அங்கே இருந்தபடி, சுணங்காமல் வரச் சொல்லி எனக்குக் குரல் கொடுத்தாள்.