ஒட்டிப்போன உறைகள்

கட்டுகஸ்தோட்டையில் மக்கீன் ஹாஜியாரின் வாசனைத் திரவியக் கடையில் தபால் பகுதி என்றால் அது திரேசாதான். கறுவா, ஏலக்காய், சாதிக்காய்ப் பொதிகளைக் கட்டி, விலாசம் எழுதி, முத்திரை ஒட்டி ஊரூராய் அனுப்புவது அவள் பொறுப்பு. யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வரும்போது கொண்டுவந்த சீதனத்தில் இன்றுவரை தேயாமல் இருப்பது அவளுடைய சந்தேகம் ஒன்றுதான். பால்காரன் தண்ணீர் கலந்தால் ஏசுவாள். கலக்காவிட்டால், இவன் ஏன் கலக்கவில்லை என்று பகலெல்லாம் யோசிப்பாள். கண்டிப் பெரஹரா ஊர்வலத்தில் ஒரு யானை தன் கைப்பையைப் பார்த்த விதம் சரியில்லை என்று அடுத்த வருடம் அந்தப் பக்கமே போகாதவள்.

அப்படிப்பட்டவளின் முன்னால்தான் ஹாஜியாரின் அண்ணன் மகன் அஹ்னாப் வந்து நின்றான். பட்டம் படித்தவன், குறுந்தாடி வைத்தவன். வந்த அன்றே, "எல்லாத்தையும் கூரியர்ல போட்டா லேசுதானே, சாச்சா?" என்று கேட்டுவிட்டான். திரேசாவின் காதில் அது ஈயமாய் இறங்கியது. நத்தார்ப் பண்டிகை நெருக்கடி ஓய்ந்ததும், மிஞ்சிய உறைகளும் தபால் முத்திரைத் தாள்களும் இருந்த சின்ன அலுமாரியை அவனுடைய மேசைப் பக்கத்திலிருந்து பெயர்த்தெடுத்து, பின்னால் குசினிக்குள் வைத்துப் பூட்டினாள். திறப்பு அவள் கழுத்தில் சிலுவையோடு சேர்ந்து தொங்கியது.

தை பிறந்தது. நோன்புக்கு முன் வாடிக்கைக் கடைகளுக்கெல்லாம் புது விலைப்பட்டியல் போயாக வேண்டும். என்ன கையிருப்பு, என்ன வாங்குவது என்று திட்டம் போட அலுமாரியைத் திறந்தாள். திறந்தவள் சிலுவையைப் பிடித்துக்கொண்டாள்.

உறைகள் எல்லாம் வாயை மூடிக்கொண்டு கிடந்தன. உள்ளே ஒன்றுமில்லை, ஆனால் ஒட்டியிருந்தன. முத்திரைத் தாள்களோ ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி, அப்பளக்கட்டு மாதிரி இறுகியிருந்தன.

"தம்பி, இஞ்ச வாரும். உது ஆற்றை வேலை?"

அஹ்னாப் எட்டிப் பார்த்தான். "எனக்கென்ன தெரியும், மிஸ்?"

"தண்ணி தெளிச்சு விட்டனீரோ? தபாலைக் கெடுத்துப்போட்டுக் கூரியரைக் கொண்டுவர?"

"அல்லாவே! இத்தன கவரையும் நக்கி நக்கி ஒட்டவா நான் கெம்பஸ் போய்ப் படிச்சிட்டு வந்தீக்கிறன்? எனக்கு வாயில நாக்கு ஒண்டுதானே ஈக்கிது!"

சத்தம் கேட்டு ஹாஜியார் வந்தார். அண்ணன் மகனையும் பார்த்தார், அலுமாரியையும் பார்த்தார். "சண்ட வாணாம். புதுசா கவர் வாங்குங்க. அதுவும் இப்பிடி ஆனா தபால் வேலய கூரியர்காரனுக்கே குடுத்துருவம். ஆரு செஞ்சாலும் சரி."

அந்த அலுமாரி போனால் தனக்கு அந்தக் கடையில் கதிரை இல்லை என்பது திரேசாவுக்குத் தெரியும். புது உறைக் கட்டுகளை வாங்கி அதே அலுமாரிக்குள் அடுக்கினாள். இன்னொரு பூட்டும் போட்டாள். பிறகு தன் கதிரையையே குசினிக்குள் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மழைச் சிணுங்கலுக்கு ஜன்னலையும் இறுக்கிச் சாத்தினாள்.

ஹாஜியாரின் கடையில் ஒரு வழக்கம் உண்டு: படியேறியவர் ஒரு கிராம்பு வாங்காமல் போனாலும் இஞ்சி போட்ட பிளேன்ரீ குடிக்காமல் போகக் கூடாது. தேநீர் போடும் வேலாயியின் கேத்தல் குசினியில் காலையில் கொதிக்கத் தொடங்கினால் கடை பூட்டும்வரை அடங்காது.

"அம்மா, இங்க ஒக்காந்து யார பாக்குறீங்க?" என்றாள் வேலாயி.

"உன்னையும்தான்."

"பாருங்க, பாருங்க. நானும் பாக்குற மாதிரிதான் இருக்கேன்."

மறுநாளும் காவல். அஹ்னாப் குசினி வாசற்படியைக்கூட மிதிக்கவில்லை. மாலையில் இரண்டு பூட்டையும் திறந்தாள். புது உறைகளும் வாயை மூடத் தொடங்கியிருந்தன.

அவன் வரவில்லை. வேலாயி அலுமாரியைத் தொடவில்லை. பூட்டு பூட்டியபடி. ஒரு கணம் திரேசா தன்னையே ஏற இறங்கப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடி மங்கியது, துடைத்தாள். மறுபடி மங்கியது. கேத்தல் மூச்சு விட்டது. அந்த ஆவி சுவரோரமாய் நகர்ந்து, அலுமாரிக் கதவின் இடுக்கு வழியே தன் வீட்டுக்குள் போவதுபோல் உள்ளே போனது. யாழ்ப்பாணத்து வெயிலில் பூட்டி வைத்த பொருள் பூட்டியபடியே கிடக்கும். கண்டி மழையில், கொதிக்கும் கேத்தலுக்குப் பக்கத்தில், பசை சும்மா கிடக்குமா?

இது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. ஹாஜியார் அண்ணன் மகனை ஏற்கெனவே பாதி சந்தேகித்துவிட்டார். வாயைத் திறக்காமல் அலுமாரியை முன்னுக்கு நகர்த்தினால் போதும். கள்ளன் பயந்து நிறுத்திவிட்டான் என்றாகிவிடும். திரேசா எழுந்தாள், இருந்தாள், மறுபடி எழுந்து முன்கடைக்கு நடந்தாள்.

"முதலாளி, கள்ளனைப் பிடிச்சிட்டன். கேத்தல்."

"அலுமாரிய அங்க வெச்சது ஆரு?"

"நான்தான். தம்பியில பிழை இல்லை."

ஹாஜியார் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். முடிவு அவர் வாயில் வருமுன் அஹ்னாப் குறுக்கிட்டான். "வாணாம் சாச்சா. தபால் மிஸ்ஸோடயே ஈக்கட்டும். முத்திரைய தண்ணில ஊறப் போட்டுக் கழட்டி, காயவெச்சி கோந்து பூசி ஒட்டேலுமே."

ஹாஜியார் சரி என்றார். ஆனால் திரேசாவுக்கு நெஞ்சு ஆறவில்லை. இவ்வளவு ஏச்சு வாங்கியவன் ஏன் இப்படிப் பரிந்து பேசுகிறான்? தண்ணீர்ப் பேசினில் முத்திரைகளை ஊறப்போட்டுக்கொண்டே கேட்டும்விட்டாள்.

"உண்மையைச் சொல்லும். உமக்கு உதில என்ன லாபம்?"

அஹ்னாப் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "கூரியர் வந்தா, ஒவ்வொரு விலாசத்தயும் கம்பியூட்டர்ல அடிக்கிற வேல என் தலயிலதான், மிஸ். அத நான் நேத்துத்தான் வெளங்கிக்கிட்டன்."

அப்போதுதான் திரேசாவுக்கு அவன் மேல் முதன்முறையாக நம்பிக்கை வந்தது. ஈர முத்திரைகளைப் பரப்ப ஒரு பழைய பேப்பரை அவன் பக்கம் தள்ளிவிட்டாள்.