கோவில் வாசலில் கிழிந்த சட்டை

1953-ஆம் வருஷம், தை மாதக் கடைசி. எங்கள் நாஞ்சில் நாடு அப்போது திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. எனக்குப் பத்தொன்பது வயது. கல்யாணமாகிப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. என் கணவருக்கு இருபத்தேழு வயது. பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் பாய்கிற கொஞ்சம் வயலைத் தானே உழுது பயிர் செய்துகொண்டிருந்தார்.

நல்ல மனிதர் என்பது இரண்டு நாளிலேயே தெரிந்துவிட்டது. ஒன்று மட்டும் புரியவில்லை. எங்கள் பக்கத்து ஆண்கள் வீட்டிலும் வயலிலும் இடுப்பில் வேட்டி, தோளில் துண்டு, அவ்வளவோடுதான் திரிவார்கள். இவர் சேற்றில் இறங்கும்போதுகூடக் கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டையோடுதான் இறங்குவார். இருட்டிலும் கழற்ற மாட்டார். கேட்டால், சளி பிடித்துக்கொள்ளும் என்பார். நான் நம்பவில்லை. ஆனால் மேற்கொண்டு கேட்கவும் தைரியம் வரவில்லை.

எங்களை மறுவீட்டுக்கு அழைத்துப் போக என் தாய்மாமன் வந்தார். அப்பா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே இறந்துவிட்டதால் மாமாதான் அம்மாவையும் என்னையும் தன்னோடு வைத்துக் காப்பாற்றினார். இந்த மாப்பிள்ளையைத் தேடிப் பிடித்ததும் அவர்தான். போகிற வழியில் கோவிலில் கும்பிட்டுவிட்டுப் போவோம் என்றார். எங்கள் ஊர்க் கோவில்களில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். வாசலுக்கு வந்ததும் என் கணவர் நின்றுவிட்டார்.

"நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கின நிக்கேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. புதுப் பெண்ணை வாசலில் விட்டு ஒதுங்குகிறாரே என்ற அவமானம். "சாமியவிட ஒங்களுக்குச் சட்டதான் பெரிசா?" என்று நாலு பேர் காதில் விழும்படி கேட்டுவிட்டேன்.

மாமா சிரித்தார். "மாப்பிளைக்கு வெக்கமாக்கும்" என்று சொல்லிக்கொண்டே சட்டையைப் பிடித்து இழுத்தார். என் கணவர் விடவில்லை. மாமாவும் விடவில்லை. பொத்தான்கள் தெறித்தன, தோள்வரை சட்டை கிழிந்தது. உள்ளே மார்பைச் சுற்றி ஒரு நீளத் துணியை இறுக்கிக் கட்டியிருந்தார். "என்னவே இது, காயமா?" என்று மாமா அதன் நுனியைப் பிடித்து உருவினார்.

கட்டு அவிழ்ந்தது. அவருடைய மார்பு இரண்டு பக்கமும் ஒரு பெண்ணின் மார்பைப் போலப் பருத்திருந்தது. காம்புகளும் பெரிசு. துணி அழுத்திய இடமெல்லாம் தோல் வெந்து வரிவரியாகச் சிவந்து கிடந்தது.

முதலில் யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு பூக்கடைப் பக்கம் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவர் கீழே கிடந்த துணியைக்கூட எடுக்காமல், இரண்டு கையாலும் மார்பை மூடிக்கொண்டு விறுவிறுவென்று நடந்து போய்விட்டார்.

மாமா என் கையைப் பிடித்தார். "ஏட்டி, நம்மள ஏமாத்திப்போட்டானுவ. பொம்பிளயக் கொண்டாந்து ஆம்பிளன்னு கெட்டிவச்சிருக்கானுவ. வா வீட்டுக்கு!"

நான் போனேன். யாரும் என்னைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. என் காலால் நடந்துதான் போனேன்.

எட்டு நாள் அம்மா வீட்டில் இருந்தேன். ஊர்க்காரர்களைக் கூட்டிக் கல்யாணத்தை முறித்துவிடுவதாக மாமா சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா அழுதாள். அவர் எனக்குக் கணவராக இருப்பதில் ஒரு குறையும் இல்லை என்று எனக்குத் தெரியும். அதை எந்த வாயால் சொல்வது? வெட்கம் என்று பேர் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

எட்டாம் நாள் காலை, மாமாவைப் பார்க்க இரண்டு பேர் வந்திருந்தார்கள். கருப்பட்டிக் காப்பியை எடுத்துக்கொண்டு வீட்டின் முன் அறைக்குப் போனேன். மாமா எழுந்து நின்று, இரண்டு தேங்காய்ச் சிரட்டையை மார்பில் வைத்துப் பிடித்துக்கொண்டு, இடுப்பை ஆட்டி நடந்து காட்டிக்கொண்டிருந்தார். வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். காப்பியைத் தட்டோடு அவர் காலடியில் போட்டேன்.

"அவரு என்னைய நோவ ஒரு சொல்லு சொன்னதில்ல. நீங்க நடுவாசல்ல வச்சு அவரு உடுத்தியிருந்ததப் பிடிச்சு உருவுனிய. இதுல ஆரு ஆம்பிள மாமா?"

கன்னத்தில் ஓங்கி அறைந்தார். நான் உடுத்தியிருந்த சேலையோடு இறங்கினேன்.

என் கணவர் வீடு பூட்டிக் கிடந்தது. அன்று காலையில்தான் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனார் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள். பஸ்ஸில் பாதி தூரமும் நடந்து மீதி தூரமுமாகப் போய்ச் சேர்ந்தேன். ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கிழிந்த சட்டையைத் தானே தைத்துப் போட்டிருந்தார். தையல் கோணலாக இருந்தது. என்னைக் கண்டதும் ஒதுங்கி இடம் விட்டார்.

"தப்பு செஞ்சுட்டேன்" என்றேன்.

"இந்த வெயில்லயா வந்தே? தண்ணி குடிச்சியா?" என்று கேட்டார். நான் விட்டுப் போனதைப் பற்றி அதற்குமேல் அவர் என்றைக்குமே பேசவில்லை. பதினாலு வயதில் மார்பு பருக்கத் தொடங்கியது என்றும், அவருடைய அப்பாதான் முதன்முதலில் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டார் என்றும் மட்டும் சொன்னார். பதின்மூன்று வருஷம் அந்தக் கட்டோடு மூச்சு விட்டிருக்கிறார்.

டாக்டர் எங்கள் தமிழ் பேசுகிறவர்தான். ஈரலில் கோளாறு உண்டா, வேறு எங்காவது கட்டி இருக்கிறதா என்றெல்லாம் பொறுமையாகச் சோதித்தார். பிறகு எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசினார். இது நோய் இல்லை. வயசுக்கு வருகிற பையன்கள் பலருக்கும் இப்படி வரும். பெரும்பாலும் ஒன்றிரண்டு வருஷத்தில் வற்றிவிடும். சிலருக்கு அப்படியே தங்கிப்போகும். இத்தனை வருஷம் ஆனபிறகு மருந்தில் கரையாது. இப்படியே விட்டாலும் ஆயுசுக்கு ஒன்றும் இல்லை. இது இருக்கவேண்டாம் என்றால் அறுத்துத்தான் எடுக்கவேண்டும்.

ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். மார்புக்கு அடியில் நீளமாகக் கீறுவது பழைய முறை; சுலபம், ஆனால் பெரிய தழும்பு நிற்கும். இன்னொரு முறை, காம்பைச் சுற்றியிருக்கிற கறுப்பு வட்டத்தின் கீழ் ஓரத்தில் பிறைபோலக் கீறி, அதன் வழியாக உள்ளே இருக்கும் சதையை எடுப்பது. தழும்பு ஓரத்தோடு மறைந்துவிடும். பெரிய காம்பையும் கொஞ்சம் வெட்டித் தைத்துச் சிறிதாக்கலாம். ஆனால் உணர்ச்சி போய்விடலாம் என்றார். உள்ளே ரத்தம் கட்டினால் மறுபடி திறக்கவேண்டிவரும் என்பதையும் மறைக்கவில்லை.

கடைசியில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "இது ஒனக்கு வேணுமா, இல்ல ஊருக்கு வேணுமா?"

"வயல்ல சட்டையில்லாம நிக்கணும் சார். வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார் என் கணவர். பிறைக் கீறலுக்குச் சம்மதித்தார். காம்பு இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லிவிட்டார்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் ஆபரேஷன் நடந்தது. மயக்க மருந்து வாடையோடு வெளியே கொண்டுவந்தார்கள். குமட்டிக் குமட்டி வாந்தி எடுத்தார். சாயங்காலம் இடது பக்கம் தேங்காய்போல வீங்கி, கட்டுத்துணி சிவக்கத் தொடங்கியது. நர்ஸம்மா ஓடினாள். மறுபடி உள்ளே கொண்டுபோய்த் தையலைப் பிரித்தார்கள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை. உழுது, விதைத்து, நோய்நொடி இல்லாமல் இருந்த ஓர் உடம்பு, நாலு பேர் வாய்க்குப் பயந்து இங்கே வந்து ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பிழைத்துக்கொண்டார். நாலாம் நாள் மாமா ஒரு சீப்பு மட்டிப் பழத்தோடு வார்டுக்குள் வந்தார். ஒன்றுமே நடக்காததுபோலக் கட்டில் பக்கத்தில் நின்று, "இப்பம் செரியாப்போச்சுல்லா மாப்பிள? இனி ஒரு கொறயும் இல்ல" என்றார்.

"கொற அவருகிட்ட என்னைக்கும் இருந்ததில்ல மாமா. பழத்த எடுத்துக்கிட்டுப் போங்க."

வார்டே திரும்பிப் பார்த்தது. "விடு பிள்ளே" என்று என் கணவர் என் கையைப் பிடித்தார். நான் விடவில்லை. மாமா பழத்தை எடுத்துக்கொண்டு போனார். அதன்பிறகு அவர் என் வீட்டுக்கு வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. அம்மா மட்டும் அவருக்குத் தெரியாமல் வந்துபோவாள்.

இடது மார்பில் ஒரு சின்னப் பள்ளம் விழுந்தது. அந்தப் பக்கம் தொட்டால் தெரியாது என்பார். அடுத்த நடவுக்கு அவர் துண்டை மட்டும் தலையில் கட்டிக்கொண்டு வயலில் இறங்கினார். பழக்கமில்லாத வெயில் பட்டு முதுகெல்லாம் தோல் உரிந்துபோய் வந்தார். எரிச்சலில் சாய்ந்து உட்காரக்கூட முடியவில்லை. ஆனாலும் சிரித்துக்கொண்டே இருந்தார். தேங்காயெண்ணெய் தடவிவிட்டபோதுதான் நான் அழுதேன். முதுகில் படுகிற வெயிலைக்கூட ஒரு மனிதனுக்கு இத்தனை வருஷம் இல்லாமல் ஆக்கியிருந்தார்களே என்ற ஆத்திரத்தில் வந்த அழுகை அது.

இதைக் கேட்டவர்கள், புருஷனுக்காகச் சொந்தத்தையே விட்டுவிட்டு வந்தாய் என்று என்னைப் புகழ்வார்கள். அப்படிப் புகழும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வரும். மாமாவை மன்னிக்காததில் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை. என் கணவர் தனியாக உட்கார்ந்து கிழிந்த சட்டையைத் தைத்துக்கொண்டிருந்த அந்த எட்டு நாளும், உண்மை தெரிந்தும் வாயைத் திறக்காமல் மூன்று வேளையும் சோறு தின்றுகொண்டிருந்த அந்தப் பத்தொன்பது வயதுப் பெண்ணைத்தான் இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.