மூன்றாம் மாடியில் மடை திறந்தோம்

மறதி நோய் வந்தவர்களை வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்கள், தஞ்சாவூரில் மாதம் ஒருமுறை கூடிப் பேசுகிறோம். இன்று நான் அழுதேவிட்டேன்.

"சாயங்காலமானா வயலுக்கு மடை திறக்கணும்னு அப்பா கதவைத் தட்டிக்கிட்டே நிக்கிறார். நிலத்தை வித்தாச்சுன்னு தினம் சொல்றேன், கேக்க மாட்டேங்கிறார்."

கணவரைப் பார்த்துக்கொள்ளும் ஒரத்தநாட்டு அக்கா சொன்னார்: "ஏம்மா, அவர் நிலத்தை நீ தினம் ஒருதடவை விக்கிறியே? மடையைத் திறந்து விட்டுடேன்."

மாலையில் அப்பாவை எங்கள் மூன்றாம் மாடி பால்கனிக்கு அழைத்துப்போனேன்.

"திறந்தாச்சுப்பா. தண்ணி எதுவரைக்கும் வந்திருக்கு?"

கீழே தெருவையே வெகுநேரம் பார்த்தார். ஸ்கூட்டர்களின் சத்தம் மெல்ல அடங்கியது. எனக்கும் கணுக்கால்வரை குளிர்ந்தது.

"கடைசி வயலுக்கும் பாஞ்சிடுச்சு. நாளைக்கு நடவு, ஆள் சொல்லிடு" என்றவர், நிம்மதியாகப் போய்ப் படுத்துக்கொண்டார்.

பத்துப் பேர் தேவை. யாரெல்லாம் வர்றீங்க?