அமிர்தவள்ளி பொட்டு வைத்த இடம்

ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனியில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஆயுத பூஜையில் எந்த மிஷினுக்கு யார் பொட்டு வைக்கிறாரோ, அடுத்த வருஷம் முழுக்க அந்த மிஷின் அவருக்கு. முதலாளி தொழுகைக்குப் போகிறவர். ஆனாலும் பூசணிக்காயும் பொரி மூட்டையும் அவர் வண்டியில்தான் வந்திறங்கும்.

எனக்குப் பக்கத்து மிஷின் அமிர்தவள்ளி அக்காவுடையது. பதினேழு வருஷமாக ஷூவின் மேல்பாகம் தைக்கிறாள். பூஜைக்கு இரண்டு மாதம் முன்னால், ஊசி அவள் ஆள்காட்டி விரலில் நகத்தோடு இறங்கி மறுபக்கம் வந்துவிட்டது. அவள் கத்தவில்லை. "மெக்கானிக்கக் கூப்புடு" என்றாள், நூல் அறுந்துபோனதைச் சொல்கிற மாதிரி. அந்தக் குரலை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பயம்.

புண் ஆறியது. விரல் மரத்தது மரத்ததுதான். ஆளும் அப்படியே ஆகிவிட்டாள். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவாள், நாங்கள் சிரித்தால் கூடச் சிரிப்பாள். அவள் வீட்டுக்காரர் கோதண்டராமன், "தலைக்கு வந்தது தலப்பாகையோட போச்சு, சாமிக்கு நன்றி சொல்லு" என்று தினமும் சொல்வாராம்.

"சொல்லத்தான் பாக்கறேன்டி. உள்ள ஒண்ணுமே வர மாட்டேங்குது" என்றாள் என்னிடம்.

சூப்பர்வைசர் பிரேம்நாத் அவளைச் செக்கிங் டேபிளுக்கு மாற்ற ஒப்புக்கொண்டார். அங்கே ஊசியே கிடையாது. அவள் மிஷின் சௌமியாவுக்கு என்று முடிவானது. சௌமியா இரண்டு வருஷமாகப் பசை தடவிக்கொண்டிருந்தவள். ஆபரேட்டர் ஆகிற சந்தோஷத்தில் பட்டுப்புடவை கட்டி வந்திருந்தாள்.

பூஜையன்று அக்கா டேபிளுக்குப் பொட்டு வைத்துவிட்டு, நேராகப் பழைய மிஷினுக்கு வந்தாள். டிராயரைத் திறந்து ஒரு வளைந்த கம்பியை எடுத்தாள். விரல் ஊசிக்கடியில் போகாமல் தடுக்கிற கார்டு அது. மெக்கானிக் அதாவுல்லாவிடம் நீட்டினாள்.

"இத்த மாட்டுங்க பாய்."

"இன்னாம்மா, நீ கழட்டிப் போட்டதுதானே இது? மாட்டுனா ஸ்பீடு கம்மியாய்டும்."

"நான்தான் கழட்டுனேன். நீங்க மாட்டுங்க."

மாட்டினார். மிஷினுக்குச் சௌமியா பொட்டு வைத்தாள். கம்பிக்கு அக்கா வைத்தாள். சட்டப்படி கம்பி மட்டும் உனக்குச் சொந்தம் என்று நாங்கள் கேலி செய்தோம். அவளும் கூடச் சிரித்தாள்.

பிறகு இரண்டு நாள் லீவு. கடைசி நாள் சாயங்காலம் எனக்குப் போன் செய்தாள். அவள் யாருக்கும் போன் செய்கிறவள் இல்லை.

"இவரு ஏலகிரிக்குக் கூட்டினு வந்தாரு. படகுல உக்காந்துனு, நல்ல உலகம்னா எப்டி இருக்கும்னு யோசிச்சேன். பெருசா ஒண்ணும் தோணல. எல்லா மிஷின்லயும் கார்டு இருக்கணும், டார்கெட்டு அதுக்கேத்த மாரி இருக்கணும். அவ்ளோதான் வந்திச்சி."

"அதுவே ஜாஸ்திக்கா" என்றேன். தமாஷாகத்தான் சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் வேலை தொடங்கிய மூன்று மணி நேரத்தில் சௌமியா நாற்பது ஜோடி பின்தங்கிவிட்டாள். பிரேம்நாத் இரண்டு தடவை வந்து நின்றுவிட்டுப் போனார். மூன்றாவது தடவை வருவதற்குள் அவள் ஸ்குரூ டிரைவரை எடுத்து, குங்குமம் கலையாமல் கம்பியைக் கழற்றி டிராயரில் வைத்தாள். செக்கிங் டேபிளிலிருந்து அக்கா பார்த்துக்கொண்டே நின்றாள்.

சௌமியா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். "தப்பா நினைச்சுக்காதீங்கக்கா, டார்கெட்டு வர மாட்டேங்குது. இந்த மிஷின எனக்கு வுட்டுக்குடுத்தீங்களே, ரொம்ப தேங்க்ஸ்க்கா."

அக்கா வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள், நீயாவது சொல்லேன் என்பதுபோல. நான் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த தோலை ஊசிக்கடியில் தள்ளினேன். என் மிஷினில் கார்டைக் கழற்றி ஆறு வருஷமாகிறது.