செக்போஸ்ட்டைச் சுற்றி வந்த ஸ்கேனர் டிரைவர்

கேரளத்தின் எல்லையூரான பாறசாலையில் ஆன்லைன் விண்ணப்பம் அனுப்பிக்கொடுக்கும் கடையொன்றில் ஜெராக்ஸ் எடுக்கும் வேலைக்கு நான் நின்ற காலத்தில், ஒரு மத்தியானம் முதலாளி கம்ப்யூட்டரையே இருட்டாக்கிவிட்டார். நான் நாலாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனாலும் இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. முதலாளி தனக்குத் தெரிந்ததைக் கேட்டவர்களுக்கும் சொல்வார், கேட்காதவர்களுக்கும் சொல்வார். மெஷின் சூடாகும்வரை நான் கேட்டுக்கொண்டு நிற்பேன். அதுவும் படிப்புதான், பீஸ் கிடையாது.

அன்று பொழியூரிலிருந்து ஸ்டெல்லா வந்திருந்தாள். அவள் வீட்டில் பாதியைக் கடல் எடுத்துக்கொண்டு போயிருந்தது. அரசாங்கத்திடம் பதில் வீடு கேட்டு விண்ணப்பிக்க அன்று சாயங்காலம்தான் கடைசி. வீட்டுப் பத்திரத்தை ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். பழைய ஸ்கேனர் சாவதற்கு அந்த நாளைத்தான் தேர்ந்தெடுத்தது. முதலாளி புதுசைப் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டினார். கம்ப்யூட்டர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கடையில் ஓடியது லினக்ஸ். அதில் பேக்கேஜ் மேனேஜரிடம் ஒரு பேரைச் சொன்னால், ரெப்போசிட்டரி என்ற கிடங்குக்குப் போய் அந்த சாஃப்ட்வேரை எடுத்து வந்து மாட்டிவிடும். புது ஸ்கேனரை ஓட்டும் டிரைவர் சாஃப்ட்வேர் லினக்ஸின் சொந்தக் கிடங்கில் இல்லை. ஸ்கேனர் கம்பெனியின் கிடங்கு விலாசத்தைச் சேர்க்க வேண்டும். கூடவே கம்பெனி தருகிற சாவியையும் கொடுக்க வேண்டும்; வருவது அசல் சரக்குதானா என்று அதை வைத்துத்தான் கம்ப்யூட்டர் பார்க்கும்.

எங்கள் ஊர் வழக்கம் வேறு. கோழி மலிவென்றால் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக் களியக்காவிளைக்குப் போவோம். செக்போஸ்ட்டில் ஆள் நின்றால் வாழைத்தோட்டத்து இடைவழியாகத் திரும்பி வருவோம். அரிசி ஏற்றிய ஜீப்பில் நானே கிளீனராகப் போயிருக்கிறேன். அந்த ஜீப்புக்குப் பிரேக் பிடிக்காது, டிரைவருக்குக் கண் தெரியாது. அது கிடக்கட்டும்.

முதலாளியும் இந்த ஊர்க்காரர்தானே. இன்டர்நெட்டில் யாரோ எழுதிப்போட்ட கிடங்கு விலாசத்தை எடுத்து ஒட்டினார்.

"இது வேற வெர்ஷனுக்கு உள்ளதாக்கும். சாரமில்லண்ணே, பரவாயில்ல, ரெண்டும் லினக்ஸுதானே" என்றார் என்னிடம்.

கம்ப்யூட்டர் சாவி கேட்டது.

"சாவிக்கு எங்க போவ? இந்தக் கிடங்க நம்பலாம்னு ஒரு வார்த்த எழுதினா மதி, அவ்வளவுதான். பின்ன கேக்காது."

எழுதினார், அதுவும் கேட்கவில்லை. செக்போஸ்ட் தாண்டியாயிற்று. டிரைவரை மாட்டச் சொன்னதும் திரை நிறைய எழுத்து ஓடி வந்து நின்றது.

"என்னவாக்கும் அது கேக்குது?" என்றாள் ஸ்டெல்லா.

"ஒண்ணுமில்லக்கா. எஸ்ஸா நோவான்னு."

"அதுக்கு மேல அவ்வளவு எழுதியிருக்கே மக்கா."

"அது சும்மா வரும்."

எஸ் என்று அமுக்கினார். கொஞ்ச நேரத்தில் மெனு போயிற்று, ஜன்னல்கள் போயின, பின்னாலிருந்த பூப்படமும் போயிற்று. கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் கண் சிமிட்டியது.

"கரண்டு போச்சோ?" என்றார் முதலாளி. தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

நெய்யாற்றின்கரையில் இருக்கும் கம்ப்யூட்டர் தெரிந்த சிநேகிதனுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார். ஸ்பீக்கரில் அவன் சொன்னது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"எலே, வேற வெர்ஷனுக்க சரக்கு நம்ம டெஸ்க்டாப்போட ஒத்துப்போவாது. அத மாட்டணும்னா டெஸ்க்டாப்ப எடுத்துக் களையணும், களையட்டான்னு கேட்டிருக்குமே. நீ என்ன சொன்ன?"

"எஸ்."

"பின்ன அதுக்க மேல என்ன குத்தம்? நீ சொன்னத அது செய்திருக்கு."

திட்டிவிட்டு வழியும் சொன்னான். ஒட்டிய விலாசத்தை அழித்து, பழைய பேக்கேஜ்களைத் திரும்ப இறக்கி, மெனுவும் ஜன்னல்களும் சேர்ந்த டெஸ்க்டாப்பை மீட்க வேண்டும். அப்புறம் நம் வெர்ஷனுக்கான விலாசத்தைக் கம்பெனி வெப்சைட்டிலிருந்தே எடுத்து, சாவியோடு சேர்க்க வேண்டும். முதலாளி கறுப்புத் திரையில் ஒவ்வொன்றாகத் தட்டினார். ஸ்டெல்லா வெளியே வெயில் சாய்வதைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். ஒரு வழியாகப் பூப்படம் திரும்பி வந்தது. டிரைவரை மாட்டச் சொன்னதும் மறுபடியும் எழுத்து ஓடி நின்றது. முதலாளியின் விரல் பழக்கத்தில் தானாக நீண்டது.

"நில்லு மக்கா. வாசி."

"அக்காக்கு இங்கிலீஷு தெரியாதே."

"ஒனக்குத் தெரியுமில்லா. எனக்க வீட்ட எடுக்கும்போ கடலு ஒரு வார்த்த கேக்கல்ல. இது என்னத்த எடுக்கட்டும்னு கேட்டுட்டு நிக்குது. அத வாசிக்க ஒனக்கு மடியும் சோம்பலும்."

முதலாளி வாசித்தார். ஒவ்வொரு வரியாக, சண்டே ஸ்கூல் பிள்ளை வசனம் ஒப்பிப்பதுபோல வாசித்தார். புதிதாக வருவது இரண்டு. எடுத்துக் களைவது ஒன்றுமில்லை. அப்புறம்தான் ஸ்டெல்லா, "இப்ப அமுக்கு" என்றாள்.

ஸ்கேனர் முனகிக்கொண்டு எழுந்தது. சாயங்காலத்துக்குள் விண்ணப்பம் போய்விட்டது. வீடு கிடைத்ததா என்று கேட்காதீர்கள். அதை வாசிக்க வேண்டியவர்கள் வேறு கடையில் இருக்கிறார்கள்.

கம்ப்யூட்டர் வேலைக்கு வரும் பிள்ளைகளே, வெளிக் கிடங்கைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வெர்ஷனுக்கு உள்ளதா என்று பாருங்கள், சாவியைக் கேட்டு வாங்குங்கள். எது போகும் என்று கம்ப்யூட்டர் சொல்லும்போது காது கொடுங்கள். கேட்டுவிட்டு எடுப்பவர்கள் இந்த உலகத்தில் ரொம்பக் குறைவு.